சைக்கிளுக்கு வால் வைத்தவன்

ஒரு மனிதன் முட்டாளாக இருப்பதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனால் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஒலிபெருக்கியில் விளக்கவுரையும் நிகழ்த்தி, ஊரறிய முட்டாளாக வேண்டுமானால் அதற்கு எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டும். நான் படித்திருந்தேன். மெக்கானிக்கல். முதல் வகுப்பு.

அந்தப் படிப்பை முடித்துவிட்டு ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்த அந்த இளைஞனை இன்று பஸ்ஸில் பார்த்தால், நான் எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். சட்டைப் பையில் வெர்னியர் காலிபர் வைத்துக்கொண்டு அலைவான். (எதை அளக்க என்று கேட்காதீர்கள். அம்மா சுட்ட தோசையை அளந்து, தடிமன் சீராக இல்லை என்று சொல்லியிருக்கிறான். அம்மா அவனை அடிக்கவில்லை. அன்றைக்கே அடித்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.) யாராவது வேலை என்னாச்சு என்று கேட்டால், "நல்ல கம்பெனிக்காக வெயிட் பண்ணுறேன்" என்பான். எந்த நல்ல கம்பெனியும் அவனுக்காக வெயிட் பண்ணவில்லை.

எங்கள் ஊர் ஆடித் திருவிழாவில் மாட்டுவண்டிப் பந்தயம் முடிந்த மறுநாள் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம் நடக்கும். கோயில் பொட்டலில் புறப்பட்டு, புளியமரச் சாலையில் போய், கண்மாய்க் கரை மேல் ஏறி, அந்தப் பக்கம் நட்டு வைத்திருக்கும் கொடியைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஜெயிக்கிற ஊருக்குச் சுழற்கோப்பை. தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தால் கோப்பை அந்த ஊருக்கே சொந்தம். அதுவரை எந்த ஊருக்கும் அது சொந்தமானதில்லை. என் தங்கை மலர் எங்கள் ஊருக்காக இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்திருந்தாள். மூன்றாவது வருடம் வந்துகொண்டிருந்தது. பஞ்சாயத்து ஆபீசில் கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரிகூட அடித்துவிட்டார்கள்.

மலர் அப்போது புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை கிடையாது. அப்பாவின் பழைய பார் சைக்கிளிலேயே போய்வருவாள். டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு போய் அடுத்த நிறுத்தத்தில் நின்று, பஸ் வந்ததும் கண்டக்டரிடம் மணி கேட்பாள். அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பந்தயத்தில் ஜெயிக்கத் தேவைப்பட்டது செயினுக்குக் கொஞ்சம் எண்ணெய். நான் விஞ்ஞானத்தைக் கொடுத்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிள் ஓட்டும் வீடியோக்களை நான் செல்போனில் பார்க்க ஆரம்பித்ததுதான் கேடுகாலம். அவர்கள் சைக்கிளுக்குப் பின்னால் மீன் வால் மாதிரி கூம்பிப்போகும் ஒரு கூடு மாட்டியிருந்தார்கள். விஷயம் இதுதான்: சைக்கிளில் போகிறவருடைய முதுகுக்குப் பின்னால் காற்று சுழித்துக்கொண்டு நின்று, அவரைப் பின்பக்கமாக இழுக்கிறது. முதுகை ஒட்டி ஒரு வால்கூடு வைத்தால் காற்று சுழிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஓட்டுகிறவருக்குச் சுமை குறையும். இதெல்லாம் உண்மைதான். அதுதான் எரிச்சலே. பொய்யை நம்பி மோசம் போனவனுக்குக் கொஞ்சம் பரிதாபமாவது கிடைக்கும். உண்மையை வைத்துக்கொண்டே மோசம் போனவனுக்கு அதுவும் கிடையாது.

முதல் வேலையாக வீட்டுக் கூடத்தில் காற்றுச் சோதனை நடத்தினேன். ஸ்டாண்டு போட்டுச் சைக்கிளை நிறுத்தி, மலரை ஏற்றி உட்காரவைத்து, அவள் முதுகெல்லாம் உல்லன் நூலை ஒட்டினேன். முன்னால் டேபிள் ஃபேன். காற்று எப்படிப் போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக அவள் முகத்துக்கு நேராகச் சாம்பிராணிப் புகை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏப்பா, இன்னைக்கு வெள்ளிக்கெழமகூட இல்லையே. புள்ளைக்கு எதுவும் நேந்துக்கிட்டியா?"

"அம்மா, இது ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியா? அப்ப சூடத்தையும் கொளுத்தவா?"

மலர் இருமிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, சூடம் வேணாம். எனக்குச் சாமி வருறதுக்குள்ள இவனை எந்திரிச்சுப் போகச் சொல்லு."

அதற்குள் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்று, புகை நேராக மேலே போனது. நான் அதையும் உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, கூட்டைச் செய்ய வேண்டும். அப்பாவின் பழைய சிநேகிதர் காதர் மாமா மீமிசலில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். காதர் மாமா படத்தைத் தலைகீழாக விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ரசித்தார்.

"மருமகனே, படகு நல்லாருக்கு. ஆனா முன்பாதி எங்கே?"

"படகு இல்ல மாமா. சைக்கிளுக்குப் பின்னாடி மாட்டுறது."

"சைக்கிளுக்கா?" என்று ஒரு கணம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அவருக்கு ஆர்வம் பொங்கிவிட்டது. நானும் அவரும் ஒரே ஜாதி. சும்மா இருந்தால் கை அரிக்கும் ஜாதி. "அதுக்கென்ன, செஞ்சிருவோம். நீ ஃபைபர் ரெண்டு கோட்டுன்னு எழுதிருக்கே. நான் நாலு கோட்டாப் போட்டுத் தாரேன். கடல்ல விட்டாலும் தாங்கும்!"

சாலையில் போகிற சைக்கிள் எதற்குக் கடலில் தாங்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். "நல்லது மாமா" என்றேன். அடுத்த முறை போனபோது கூடு தயாராக இருந்தது. என் நெஞ்சு உயரம். பக்கவாட்டில் பார்த்தால் பெரிய வஞ்சிர மீனை நடுவில் வெட்டிப் பின்பாதியை மட்டும் நிறுத்திவைத்த மாதிரி. படகுக்கு அடிக்கிற அதே நீலப் பெயிண்ட். அதோடு விட்டாரா? படகு என்றால் பேர் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் சிவப்பில் 'மலர்' என்று எழுதி, கீழே ஒரு தாமரைப் பூவும் போட்டிருந்தார்.

அதைப் பஸ்ஸில் கொண்டுவந்த பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் போடுவதா லக்கேஜ் போடுவதா என்று தெரியாமல் திணறினார். மீன்கூடைக்காரம்மா ஒருவர் கூடு காலியாகத்தானே இருக்கிறது என்று தன் கூடையை அதற்குள் வைத்துவிட்டார். ஆலங்குடியில் இறங்கும்போது என்னுடைய கண்டுபிடிப்பிலிருந்து மீன்தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. வீடு வரைக்கும் தெருநாய்கள் மரியாதையாகப் பின்னால் வந்தன. (ஊருக்குள் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது.)

கூட்டைச் சைக்கிள் கேரியரில் பொருத்த நானே இரும்புப் பட்டையில் கிளாம்ப் செய்தேன். ஸ்பானர் இல்லாமல் யாரும் கழற்ற முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு விடியற்காலையில், காற்றே இல்லாத நேரத்தில், கோயில் மேட்டிலிருந்து நானே ஓட்டிப் பார்த்தேன். சைக்கிள் பறந்தது. மிதிக்கவே தேவையில்லை.

"பார்த்தியா?" என்றேன் மலரிடம்.

"அண்ணே, இது எறக்கம்ல? வெறுஞ்சைக்கிளும் இப்புடித்தான் போகும்."

"எறக்கம் ஒரு காரணம்தான். ஆனா அது மட்டும் இல்ல."

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னவனுக்கு முதல் வகுப்பு கொடுத்தவர்களை என்ன சொல்ல?

மலர் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பார் சைக்கிளில் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஏறித்தான் அவளுக்குப் பழக்கம். இப்போது பின்னால் காலைத் தூக்கினால் வால் இடித்தது. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு காற்று எப்படிப் போகும் என்பதை எல்லாம் யோசித்த நான், ஆள் எப்படி ஏறுவாள் என்பதை யோசிக்கவில்லை. "முன்னாடி பாருக்கு மேல காலைப் போட்டு ஏறு" என்று தீர்வு கண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சைக்கிள் பெயிண்டே உரிந்திருக்கும்.

விஷயம் சிங்கப்பூரில் வேலையில் இருந்த அப்பாவிடம் போனது. என் படிப்பின் மேல் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அவருடையதுதான். போனில் ஸ்பீக்கரைப் போட்டு அம்மா நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா மலரு, அண்ணன் படிச்ச புள்ள. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுவான். ஒரு தடவ கேளேன்."

மலர் அப்பாவின் பேச்சைத் தட்டியதில்லை. போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: "அப்பாவுக்காக ஓட்டுறேன். விழுந்தேன்னு வையி, ஒன்னைய சும்மா விடமாட்டேன்."

பந்தயத்தன்று ஆடிக்காற்று பேய் மாதிரி அடித்தது. பந்தல் துணி படபடவென்று துடித்தது. ஐஸ்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பொட்டலில் நின்ற எல்லாருக்கும் காற்று தெரிந்தது. காற்றைப் பற்றியே இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவனுக்கு மட்டும் தெரியவில்லை. காரணம், அவன் கையில் அப்போது மைக் இருந்தது.

விழாக் கமிட்டித் தலைவர்தான் கொடுத்தார். "நம்மூரு எஞ்சினியரு தம்பி இருக்கையில வெளியாளு எதுக்கு? நீங்களே பேசுங்க தம்பி" என்றார். பந்தயச் சாலை முழுக்க மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. நான் பேசினால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். போதாதா?

"அன்பார்ந்த பொதுமக்களே! இன்று நீங்கள் காணப்போவது வெறும் சைக்கிள் பந்தயம் அல்ல. மனிதனுக்கும் காற்றுக்கும் நடக்கும் போர்! மலரின் சைக்கிளுக்குப் பின்னால் நீங்கள் காண்பது அலங்காரப் பொருள் அல்ல..."

"பொணப்பெட்டியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் கண்டுகொள்ளவில்லை.

புறப்படும் கோட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மலருக்குப் பக்கத்தில் பக்கத்து ஊர்ச் செல்வி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், முன்னால் கூடை, கூடைக்குள் தண்ணீர் பாட்டில். நான் மைக்கிலேயே அந்தக் கூடையைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். "காற்றைத் தடுக்கும் பொருள்களைச் சிலர் முன்னால் வைத்திருக்கிறார்கள். பாவம், அறியாமை" என்றேன். (செல்வி அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன்.) மலர் பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். கூட்டம் கை தட்டிச் சிரித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெடி போட்டார்கள். பந்தயம் புறப்பட்டது.

புளியமரச் சாலை நேராகக் கிழக்கே போகும். மேற்கேயிருந்து அடித்த காற்று, பாய் விரித்த படகைத் தள்ளுகிற மாதிரி மலரைப் பின்னாலிருந்து தள்ளியது. வெறும் குடையை விரித்து முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பாள். சாலையின் பாதியில் நின்ற ஆள் தலைவருக்குப் போன் செய்தார். தலைவர் போனை என் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"தலைவரே! நம்ம மலரு ஒத்தப் புளியைத் தாண்டிருச்சு! பின்னாடி ஒருத்தரையும் காணோம்!"

பொட்டல் அதிர்ந்தது. விசில் பறந்தது. அம்மா பக்கத்திலிருந்தவர்களிடம், "வீட்டுலயே சாம்பிராணி போட்டுத்தான் செஞ்சான்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இதுதான் விஞ்ஞானம்!" என்று கத்தினேன். "நாளைய உலகம் நம் ஊரைத் திரும்பிப் பார்க்கும்!" நாளைய உலகத்துக்கு வேறு வேலை இல்லையா என்று ஒருவராவது என்னைக் கேட்டிருக்கலாம்.

அதன்பிறகு போன் வரவில்லை. நான் கவலைப்படவில்லை. பேசுவதற்கு எனக்கு இன்னும் நிறைய இருந்தது. காற்றின் அடர்த்தி வரை வந்திருந்தேன். அப்போது மொபெட்டில் ஒருவர் மேடைக்கு வந்தார். வெளியூர்க்காரர், தலையில் துண்டு. பந்தயம் பார்க்க வந்தவர்கூட இல்லை, ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர். மேடை ஓரமாக நின்று என் வேட்டியை இழுத்தார்.

"தம்பி, கண்மாய்க் கரையில ஒரு சாமான் கெடந்துச்சு. வண்டியில படுக்கவச்சுக் கட்டிக் கொண்டாந்திருக்கேன். யாரோடதுன்னு தெரியல. மைக்குல சொல்லிருங்க."

"என்ன சாமான்?" என்றேன், குனியாமலே.

"என்னான்னு சொல்ல... ஒரு வாலு மாதிரி இருக்கு."

மைக்கைப் பிடித்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பதற்கு நானே சாட்சி. காதில் விழுந்தது நேராக வாய்க்குப் போய்விடும். நடுவில் எங்கும் நிற்காது. நான் குரலைச் செருமிக்கொண்டு, சுத்தமான தமிழில் சொன்னேன்:

"ஓர் அறிவிப்பு. கண்மாய்க் கரையில் வால் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் தக்க அடையாளம் சொல்லி விழா மேடையில் பெற்றுக்கொள்ளலாம். மீண்டும் அறிவிக்கிறேன். கண்மாய்க் கரையில் வால்..."

அங்கே நின்றுவிட்டேன்.

மொபெட்காரர் உதவியாக இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, மைக்கில் விழும்படியாகவே, "நீலக் கலரு தம்பி. பேருகூடப் போட்டுருக்கு. மலராம். யாரு அந்த மலரு?" என்றார்.

பொட்டலில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஐஸ்காரர் பெட்டி மேலேயே சாய்ந்துவிட்டார். சிரிக்காத ஒரே ஆள் அம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"வால் கெடக்கட்டும். புள்ள எங்கடா?"

இத்தனை நேரமும் நான் மலரைப் பற்றி ஒரு வார்த்தை நினைக்கவில்லை. வாலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேடையிலிருந்து குதித்து ஓடினேன். மைக் கையிலேயே இருந்தது. ஒயர் தீர்ந்ததும் ஆம்ப்ளிஃபையர் மேசையிலிருந்து கீழே விழுந்த சத்தமும் சாலை முழுக்க ஒலிபரப்பானது.

"வாலோட இருந்த பொண்ணு எங்கங்க?" என்று மொபெட்காரரைப் பிடித்து உலுக்கினேன்.

"பொண்ணா? நான் சாமானை மட்டும்தான் தம்பி பாத்தேன்."

"என்னைய அங்கிட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க!"

அவர் நல்ல மனிதர். ஏறு என்றார். பின்சீட்டில் வால் கட்டியிருந்ததால் நான் அதை அவிழ்த்து மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அது என் கண்டுபிடிப்பு அல்லவா! எதிரே செல்வி முதல் ஆளாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள், கூடைக்குள் தண்ணீர் பாட்டில் ஆட. எங்களைப் பார்த்து மணியடித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். மலர் இல்லை.

கண்மாய்க் கரை மேல் ஏறியதும் மரங்கள் முடிந்துவிடும். சாலை வடக்கே திரும்பும். இதுவரை பின்னாலிருந்து வந்த காற்று அங்கே பக்கவாட்டில் அடிக்கும். அடித்தது. மடியிலிருந்த வால் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டது. மொபெட் சாலையின் ஒரு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

"தம்பி! அதைக் கீழ போடுங்க! வண்டி இழுக்குது!"

"போட முடியாதுங்க, ஒடஞ்சிரும்!"

"நாம ஒடஞ்சிருவோம்!"

நாலு வருடம் கல்லூரியில் படித்தும் புரியாத பக்கக் காற்று, அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. எதிர்க்காற்றை மட்டும் நினைத்து, என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகையைத் தங்கையின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். புரிந்து முடிக்கும்போது நாங்கள் மூவரும், அதாவது மொபெட்காரர், நான், வால், சாலையோர மணலில் கிடந்தோம். வால் எனக்கு மேலே.

அப்போது டடக் டடக் என்று ஒரு சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மலர் வந்துகொண்டிருந்தாள். கொடியைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்சக்கரத்தில் காற்றே இல்லை. தலைமுடியில் கருவேல முள். கையெல்லாம் கீறல். சுடிதாரில் ஒரு கை கிழிந்திருந்தது. சைக்கிளில் கேரியரே இல்லை. கண்மாய்க்குள் காய்ந்துகிடந்த கருவேலங்காட்டில் விழுந்து, எழுந்து, வாலைக் கழற்ற முடியாமல் (ஸ்பானர் வேண்டுமே!) கேரியரோடு சேர்த்துப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி ஏறி மிதித்திருக்கிறாள். என் கிளாம்ப் கழலவில்லை, கேரியர்தான் பிய்ந்தது. அந்த வடிவமைப்பில் உருப்படியாக வேலை செய்த ஒரே பாகம் அந்தக் கிளாம்ப்தான்.

அவள் வாலுக்கு அடியில் கிடந்த அண்ணனைப் பார்த்தாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஓரமாப் படு. பின்னாடி ஆளு வருது."

அவ்வளவுதான் சொன்னாள். பக்கக் காற்றில் குனிந்து, காற்றில்லாத சக்கரத்தோடு, மிதித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த நாளில் நான் பார்த்த ஒரே எஞ்சின் அவள்தான்.

கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். கோப்பை செல்வியின் ஊருக்குப் போனது. போனதோடு முடியவில்லை. அந்த ஊர்த் தலைவர் மேடையேறி, கீழே விழுந்தும் உயிர் போகாத மைக்கைப் பிடித்து, "இந்தக் கோப்பை எங்களுக்குக் கெடைக்க முழுமுதல் காரணமா இருந்த எஞ்சினியர் தம்பிக்கு எங்க ஊரு சார்பா ஒரு பொன்னாடை" என்று கூப்பிட்டார். மானமுள்ள எவனும் அந்நேரம் ஆலங்குடி பஸ்ஸில் ஏறியிருப்பான். நான் மேடையேறி, குனிந்து, போர்த்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் நன்றியும் சொன்னேன்.

மேடைக்குப் பின்னால் அம்மா சேலை ஊக்கைக் கழற்றி மலரின் முழங்கையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பொன்னாடையோடு போய் நின்றேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"முள்ளு வலிக்கல," என்றாள் மலர். "கொடியைச் சுத்தையில மரத்து ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. வாலு கெடைச்சிருக்குன்னு. நான் விழுந்ததைப் பத்தி நீ ஏதாவது சொல்லுவியான்னு பாத்தேன். அடையாளம் சொல்லி வாங்கிக்கச் சொன்ன பாரு, அதுதான் வலிக்குது."

நான் பொன்னாடையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்தாள். பிறகு முள் குத்திய கையை அம்மாவிடமிருந்து உருவிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "மீண்டும் அறிவிக்கிறேன்னு வேற சொன்னான்மா!" அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து அப்பா கூப்பிட்டார். "வால் எப்புடிப்பா இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். அதற்குப் பிறகு அவர்களால் போனைப் பிடித்துக்கொள்ளவே முடியவில்லை.

மலர் அடுத்த வருடம் அதே சைக்கிளில், கேரியர் இல்லாமல், ஜெயித்தாள். அதற்கடுத்த வருடமும் ஜெயித்தாள். மூன்றாவது வருடம் அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். பஞ்சாயத்து ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் இன்று கொசுமருந்து டப்பாக்கள் இருக்கின்றன. அவள் இப்போது அரிமளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுக்கும்போது அண்ணன்மார்களை மைதானத்துக்குள் விடுவதில்லை என்று கேள்வி. பொன்னாடை பல வருடம் எங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறையாக இருந்தது. வால்? காதர் மாமா சொன்னது சரிதான். எதையும் தாங்கும். இன்றும் தோட்டத்தில் போர்வெல் மோட்டாரை மழையில் நனையாமல் மூடிக்கொண்டிருக்கிறது. நானும் ஒருவழியாக வேலையில் சேர்ந்துவிட்டேன். சிவகாசியில் அட்டைப்பெட்டி வடிவமைக்கிறேன். பெட்டிக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு நாலு மூலை சரியாக இருந்தால் போதும்.

போன வருடம் ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் நான் சர்பத் கடைப் பக்கம் ஒதுங்கிவிட, என் மகள் என்னைக் காணோம் என்று மேடைக்கே போய்விட்டாள். மைக்கில் இருந்தவர் புது ஆள். குழாய் ஸ்பீக்கர்களில் இருவர் குரலும் கேட்டது.

"யாரைக் காணோம் பாப்பா?"

"எங்க அப்பாவ."

"அப்பா என்ன கலர் சட்டை போட்டுருக்காரு? ஏதாச்சும் அடையாளம் சொல்லு."

"சட்டை ஞாபகம் இல்ல. எங்கப்பா சைக்கிளுக்கு வாலு வச்சாரு."

ஊர் முழுக்கத் திரும்பியது. முன்பின் தெரியாத இருவர், பெயரைக்கூடக் கேட்காமல், ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை மேடைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மகளுக்குப் பக்கத்தில் மலர் நின்றிருந்தாள். சர்பத் டம்ளரும் கையுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்களுதுதான்" என்று மைக்கில் சொல்லி, பெற்றுக்கொண்டாள்.